பூட்டப்பட்ட படங்கள்: வீட்டுக் கணினியில் கப்பம் கேட்கும் மென்பொருள் புகுந்தால் என்ன செய்வது?

2018 ஒக்டோபரில் சிரியாவைச் சேர்ந்த தந்தை ஒருவர் ட்விட்டரில் ஒரு பதிவு இட்டார். போரில் கொல்லப்பட்ட தன் பிள்ளைகளின் படங்களை ‘கான்ட்கிராப்’ என்ற மென்பொருள் பூட்டிவிட்டது, திறந்து தர 600 டொலர் கேட்கிறார்கள், தன்னிடம் அந்தப் பணம் இல்லை என்பதே அதன் சாரம். சில நாட்களில் அந்த மென்பொருளை இயக்கிய கும்பலே சிரியர்களுக்கான திறப்புகளை வெளியிட்டது. அதே மாதம் ருமேனியப் பொலிஸாரும் யூரோபோலும் பிட்டிபெண்டர் நிறுவனமும் இணைந்து ஏனைய நாட்டவருக்கும் உதவும் இலவச மீட்புக் கருவியை வெளியிட்டன.

அந்தத் தந்தையின் நிலைமை நமக்குப் புதியதல்ல. பல தடவை இடம்பெயர்ந்து அல்பங்களை இழந்த குடும்பங்களிடம் எஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு படங்கள்தான். அவற்றை ஸ்கான் செய்து கணினியில் வைத்திருப்போம். அதே கோப்புறையில் காணி உறுதி, மரணச் சான்றிதழ், காணாமல் ஆக்கப்பட்டவருக்காக ஆணைக்குழுக்களுக்கும் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள் எல்லாம் இருக்கும். கப்பம் கேட்பவருக்கு அவை வெறும் கோப்புகள். நமக்கு அவற்றுக்கு மாற்று இல்லை.

இது என்ன?

ஆங்கிலத்தில் ‘ரான்சம்வெயார்’ எனப்படும் இந்த மென்பொருள் படங்கள், கடிதங்கள், வீடியோக்களை அழிப்பதில்லை. அவற்றைச் சங்கேதமாக மாற்றிப் பூட்டுகிறது. திறப்பு அனுப்பியவரிடம் இருக்கும். அதைத் தருவதற்குப் பணம், பொதுவாக பிட்கொயினில், கேட்கப்படும்.

2017 மே மாதம் பரவிய ‘வொன்னாக்ரை’ 150க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளைத் தாக்கி, ஆளுக்கு 300 டொலர் கேட்டது. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் இற்றைப்படுத்தலை மைக்ரோசொஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது.

வீட்டுக் கணினிகளை அதிகம் தாக்கியது ‘ஸ்டொப்’ அல்லது ‘டிஜேவியு’ எனப்படும் குடும்பம். இலவசமாகக் கிடைக்கும் ‘கிராக்’ செய்யப்பட்ட மென்பொருட்களோடு சேர்ந்தே இது வருகிறது. பல காலம் 980 டொலர் கேட்டு, 72 மணித்தியாலத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை என்று சொல்லி வந்தது. அந்தக் கழிவு யோசிக்க விடாமல் அவசரப்படுத்தும் தந்திரம்.

எப்படி அடையாளம் காண்பது?

- நேற்றுத் திறந்த படமும் கடிதமும் இன்று திறக்காது. கோப்பின் பெயருக்குப் பின்னால் புதிய எழுத்துகள் ஒட்டியிருக்கும்.
- கோப்புறைகளில் ‘ரீட்மி’ போன்ற பெயரில் ஒரு குறிப்பு இருக்கும். அதில் மின்னஞ்சல் முகவரியும் உங்களுக்கான அடையாள இலக்கமும் இருக்கும்.
- நீங்கள் எதுவும் செய்யாமலே கணினி மந்தமாகி வன்தட்டு ஓடிக்கொண்டிருக்கும். டிஜேவியு வகை, விண்டோஸ் இற்றைப்படுத்துவது போன்ற பொய்த்திரையைக் காட்டி அந்த நேரத்தில் கோப்புகளைப் பூட்டும்.

எல்லாமே இதுவல்ல. கடையில் பிரதி எடுக்கக் கொடுத்த பென் ட்ரைவில் கோப்புறைகள் எல்லாம் ‘ஷோர்ட்கட்’ ஆகத் தெரிந்தால், அது பெரும்பாலும் சாதாரண வைரஸ். கோப்புகள் மறைக்கப்பட்டிருக்குமே தவிர பூட்டப்பட்டிருக்காது. இணையத்தில் உலாவும்போது ‘பொலிஸார் உங்கள் கணினியை முடக்கியுள்ளனர்’ என்று திரை நிறைய எச்சரிக்கை வந்தால், அது வெறும் இணையப்பக்கமாக இருக்கலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளை ஒன்றாக அழுத்தி உலாவியை மூடிவிட்டு, உங்கள் கோப்புகள் திறக்கின்றனவா என்று பாருங்கள்.

முதல் பத்து நிமிடங்கள்

1. வைபையை நிறுத்துங்கள், இணைய வயரைக் கழற்றுங்கள். செருகியுள்ள வெளி வன்தட்டு, பென் ட்ரைவ், கைபேசி எல்லாவற்றையும் பிடுங்குங்கள்.
2. கோப்புகள் இன்னும் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருந்தால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக் கணினியை அணையுங்கள்.
3. திரையில் குறிப்புத் தெரிந்தால் கைபேசியில் படம் எடுங்கள். குறிப்புக் கோப்பை அழிக்க வேண்டாம்.
4. வேறு இடத்தில் பிரதி வைத்திருந்தால் அந்த வன்தட்டை இப்போது செருகவே வேண்டாம். அதுவும் பூட்டப்படும்.

பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனால் ‘போர்மட் அடிக்கலாம்’ என்பதே முதல் பதிலாக இருக்கும். போர்மட் செய்தால் மென்பொருள் போய்விடும், கூடவே பூட்டிய கோப்புகளும் போய்விடும். மென்பொருளை நீக்குவது வேறு, கோப்புகளை மீட்பது வேறு. பூட்டிய கோப்புகளையும் குறிப்பையும் வேறொரு வெற்று வன்தட்டுக்குப் பிரதி எடுத்த பின்னரே எதையும் அழிக்கச் சம்மதியுங்கள். டெஸ்லாகிரிப்ட் என்ற கும்பல் 2016 மே மாதம் தனது பிரதான திறப்பைத் தானே வெளியிட்டது. பூட்டிய கோப்புகளை எறியாமல் வைத்திருந்தவர்களுக்குத்தான் அது பயன்பட்டது.

நீக்குவது எப்படி?

பூட்டிய கோப்புகளைத் திறக்க முயலும் முன் மென்பொருளை முழுதாக அகற்ற வேண்டும். டிஜேவியு வகை கணினிக்குள் ஒரு நேர அட்டவணையை வைத்துவிட்டுப் போகும். மீட்ட கோப்பை அது மறுபடி பூட்டிவிடும்.

விண்டோஸில் உள்ள ‘விண்டோஸ் செக்கியூரிட்டி’ பகுதியில் ‘டிஃபெண்டர் ஒஃப்லைன் ஸ்கான்’ என்ற தெரிவு உண்டு. அது கணினியை மீள இயக்கி, விண்டோஸ் தொடங்குமுன் தேடும். சுமார் 15 நிமிடம் எடுக்கும். இதைவிடப் பாதுகாப்பான வழி, பிரதி எடுத்தபின் விண்டோஸைப் புதிதாக நிறுவுவது.

இந்த வகை பெரும்பாலும் கடவுச்சொல் திருடும் மென்பொருளையும் கூட்டிவருகிறது. எனவே மின்னஞ்சல், முகநூல், வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மாற்றுங்கள்.

கோப்புகளை மீட்க முடியுமா?

நெதர்லாந்துப் பொலிஸார், யூரோபோல், கஸ்பர்ஸ்கி, மக்காஃபி ஆகியவை 2016 இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ என்ற தளத்தில் இலவச மீட்புக் கருவிகள் உள்ளன. பூட்டிய கோப்பொன்றையும் குறிப்பையும் ஏற்றினால் எந்த வகை என்று சொல்லும். ஏற்றுவதற்கு முறைப்பாட்டுக் கடிதத்தையோ சாட்சிகளின் பெயருள்ள ஆவணத்தையோ தெரிவு செய்யாதீர்கள். ஒரு பூப்படம் போதும்.

டிஜேவியு என்றால், அந்தக் குறிப்பில் உள்ள அடையாள இலக்கத்தின் கடைசி இரண்டு எழுத்தைப் பாருங்கள். ‘டி1’ என முடிந்தால், இணையத் தொடர்பு இல்லாதபோது பயன்படும் பொதுத் திறப்பால் பூட்டப்பட்டிருக்கிறது. அந்தத் திறப்பு கிடைத்திருந்தால் எம்சிசொஃப்ட் நிறுவனத்தின் இலவசக் கருவி திறந்துவிடும். 2019 ஓகஸ்டுக்குப் பிந்திய வகை, தனித் திறப்பால் பூட்டியிருந்தால் இன்று திறக்க வழியில்லை. ‘நூறு வீதம் மீட்டுத் தருகிறோம்’ என்பவர்களை நம்பாதீர்கள். 2020 இல் டிஜேவியு மீட்புக் கருவி என்ற பெயரில் வந்த ‘சொராப்’, பூட்டிய கோப்புகளை இரண்டாவது தடவையும் பூட்டியது.

கணினிக்கு வெளியேயும் தேடுங்கள். வாட்ஸ்அப்பில் யாருக்கு அனுப்பினீர்கள்? கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சகோதரியிடம் அந்தப் படம் இருக்கலாம். கூகுள் ட்ரைவ், வன்ட்ரைவ் பயன்படுத்தினால் கோப்பின் முந்தைய வடிவங்கள் பொதுவாக 30 நாட்கள்வரை கிடைக்கும்.

பணம் கொடுக்கலாமா?

கொடுத்தாலும் திறப்பு வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கொடுப்பவர் என்று தெரிந்தால் மேலும் கேட்பார்கள். கொடுக்கும் பணம் அடுத்தவர் வீட்டுக் கணினியைப் பூட்டவே பயன்படும்.

இலங்கை கணினி அவசர தயார்நிலை அணியை 101 என்ற இலக்கத்தில் அழைத்து ஆலோசனை கேட்கலாம். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் இது குற்றம். பொலிஸ் நிலையம் போகத் தயங்குபவர்கள் முதலில் தொலைபேசியில் பேசிப் பார்க்கலாம். ஆலோசனை கேட்பதற்காக ஆவணங்களைக் கையளிக்க வேண்டியதில்லை.

இன்றே செய்ய வேண்டியது

2023 இல் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையே இவ்வாறு தாக்கப்பட்டது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகளை அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச அலுவலகங்கள் இழந்தன. அந்தக் காலத்துக்குப் பிரதி இருக்கவில்லை.

உங்கள் ஆவணங்களுக்கு மூன்று பிரதிகள் வேண்டும்: கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, வேறு வீட்டிலோ இணையக் களஞ்சியத்திலோ ஒன்று. வெளி வன்தட்டைப் பிரதி எடுக்கும்போது மட்டும் செருகி, முடிந்ததும் கழற்றிவிடுங்கள். எப்போதும் செருகியிருப்பது பிரதி அல்ல, அதுவும் சேர்ந்து பூட்டப்படும். ‘கிராக்’ மென்பொருளைத் தவிருங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது என்பதையும் கவனியுங்கள்.

ஒரு பென் ட்ரைவ் வாங்கி, உறுதி, சான்றிதழ், முறைப்பாட்டுப் பிரதி, படங்கள் இவற்றை அதில் இட்டு நம்பிக்கையான உறவினர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். ஒரு மாலை நேர வேலைதான்.