மெசூசா சுருள் விற்பனை

மெசூசா என்பது யூதர்கள் வீட்டு வாசலின் வலப்பக்க நிலைக்காலில் பொருத்தும் சிறு தோற்சுருள். உபாகமம் 6:4–9, 11:13–21 ஆகிய பகுதிகள் அதில் எபிரேய மொழியில், 713 எழுத்துகளில், வழக்கமாக 22 வரிகளாகக் கையால் எழுதப்பட்டிருக்கும். சுருளை வைக்கும் உறை வெள்ளியோ பிளாஸ்டிக்கோ, எதுவானாலும் சமயச் சட்டத்துக்கு ஒன்றுதான். கடைக்கு வருபவரோ உறையைத்தான் பார்த்து வாங்குகிறார். உள்ளே போன சுருளை ஆண்டுக்கணக்கில் யாரும் பிரிப்பதில்லை. ஏமாற்றுக்கு வழி அங்கேதான் திறக்கிறது.

சுருள் ‘கோஷர்’, அதாவது சட்டப்படி செல்லுபடியாவது, ஆக வேண்டுமானால் உண்ணத் தகுந்த விலங்கின் தோல், கறுப்பு மை, கீறிய வரிக்கோடு, சமய ஒழுக்கமுள்ள எழுத்தர் ஆகிய எல்லாம் அமைய வேண்டும். எழுத்தரை ‘சோஃபர்’ என்பார்கள். தாளில் அச்சடித்ததும், தோலிலேயே ஸ்கிரீன் பிரிண்டிங் செய்ததும் செல்லாது. இந்த மோசடிகளைத் தேர்ந்த கண் பிடித்துவிடும்.

பிடிபடாதவை வேறு. மெசூசாவின் எழுத்துகளை முதலிலிருந்து கடைசிவரை வரிசை மாறாமல் எழுத வேண்டும். ‘ஹே’ என்ற எழுத்தின் இடது கால் மேற்கோட்டைத் தொடக்கூடாது. தொட்டுவிட்டால், ஒட்டிய இடத்தை மட்டும் கத்தியால் சுரண்டிப் பிரிப்பது செல்லாது; எழுத்து எழுதப்பட்டுத்தான் உருவாக வேண்டும், சுரண்டி உருவாகக் கூடாது. காலை முழுவதும் அழித்து மறுபடி எழுதலாம் என்றால், அதற்குள் அடுத்த எழுத்துகள் எழுதப்பட்டிருந்தால் வரிசை கெடும். அப்போது பல மணி நேர உழைப்பு வீண். நேர்மையற்றவர் மெல்லச் சுரண்டிவிட்டுத் தொடர்வார். சுருள் பார்க்கக் குறையற்றதாகவே இருக்கும்.

1980களில் வந்த கணினிச் சோதனை விடுபட்ட எழுத்தையும் மிகையானதையும் காட்டும். எந்த எழுத்து முதலில் எழுதப்பட்டது என்று அதற்குத் தெரியாது. ஆகவே ‘கணினியில் சோதித்தது’ என்பதை மட்டும் சொல்லி விற்பது பாதி உண்மையே. ‘மெகுதார்’, அதாவது உயர்தரம், என்ற முத்திரைக்கும் எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் இல்லை. எழுத்தர் யார், சோதித்தவர் யார் என்று கேட்பதே பயன் தரும்.

எழுதியவரின் மனச்சாட்சியைத் தவிர வேறு சாட்சி இல்லாத இந்த நிலையை யூதச் சமயச் சட்ட நூலான தல்மூத் முன்பே அறிந்திருக்கிறது. அதன் கித்தீன் என்ற பகுதியின் 54ஆம் ஏட்டில் ஒருவர் ரபி அம்மியிடம் வருகிறார்: தாம் எழுதி விற்ற தோரா சுருளில் இறைப்பெயர்களை உரிய எண்ணத்தோடு எழுதவில்லை என்கிறார். சுருள் வாங்கியவர் கையில் இருப்பதால் அதைச் செல்லாததாக்க அவர் சொல் போதாது. ஆனால் அவர் கூலி போயிற்று என்பது தீர்ப்பு. இறைப்பெயருக்கான கூலி மட்டுமா என்று கேள்வி எழுகிறது. முழுக் கூலியும்தான். தோலைப் பதப்படுத்தியதில் குறை என்று ரபி அபாகுவிடம் வந்தவர் விஷயத்தில் முடிவு வேறு: முதலாமவர் இறைப்பெயருக்கான கூலி மட்டுமே போகும் என்று எண்ணியிருக்கலாம், முழுக் கூலியும் போகும் என்று தெரிந்தே சொல்ல வந்தவர் பொய் சொல்லமாட்டார் என்று அந்தச் சுருளே ஒதுக்கப்பட்டது.

செல்லாத சுருளைக் கோஷர் என்று விற்றால் அது பிழையான விற்பனை. பணத்தைத் திருப்பித் தர வேண்டும். தனியார் வீட்டு மெசூசாவை ஏழு ஆண்டுகளில் இருமுறை சோதிக்க வேண்டும் என்பது விதி. பழைய குறைகள் பெரும்பாலும் வெளிவருவது அப்போதுதான். விற்ற கடைக்காரரைத் தேடிப் பிடிப்பது அதன் பிறகு வரும் பாடு.