உடற்பயிற்சிப் பந்து

காற்றடைத்த பெரிய பிளாஸ்டிக் பந்து. பேச்சுவழக்கில் ஜிம் பால். 1963இல் இத்தாலியரான அக்குவிலினோ கோசானி உருவாக்கியது. சுவிட்சர்லாந்தில் இயன்முறை மருத்துவத்துக்குப் பயன்பட்டதால் ‘சுவிஸ் பந்து’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. நம் ஊர்களின் இளவட்டக்கல் தூக்கும் வலுவைச் சோதித்தது. இந்தப் பந்தோ தடுமாறாமல் உட்காரும் திறனைச் சோதிக்கிறது.

ஐந்தேகால் அடி உயரத்தினருக்குப் பெரும்பாலும் 55 செ.மீ., ஐந்தே முக்கால் அடியைத் தாண்டியவர்களுக்கு 65 செ.மீ. விட்டமுள்ள பந்து பொருந்தும். அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதைவிட உட்கார்ந்து பார்ப்பதே நம்பகமானது: பாதம் முழுதும் தரையில் பதிய, முழங்கால் ஏறக்குறையச் செங்கோணமாக மடங்க வேண்டும். குத்துப்பட்டால் சட்டென வெடிக்காமல் மெல்லக் காற்று இறங்கும் வகையே வாங்கத்தக்கது.

இலுப்பூர் போன்ற வெயில் ஊரில் மொட்டைமாடியில் விட்டுவைத்தால் காற்று விரிந்து பந்து உப்பும், பிளாஸ்டிக்கும் நலியும். செருப்போடு வீட்டுக்குள் வரும் கருவேல முள் இன்னோர் எதிரி. பெருக்கிய பிறகே பந்தை உருட்ட வேண்டும். டைல்ஸ் தரை வழுக்கும். ரப்பர் பாய் விரித்து, சுவரோரம் தொடங்கலாம். ஒட்டுப்போட்ட பந்தில் ஏறவே கூடாது. கர்ப்பிணிகளும் முதுகுவலி உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டு, பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.