பிரிட்டனில் ரேடியோகிராபர் படிப்பு

1895 நவம்பரில் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க்கில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். மறு ஆண்டே கிளாஸ்கோ ராயல் இன்ஃபர்மரியில் ஜான் மெக்கின்டயர் எக்ஸ்ரே பிரிவைத் தொடங்கிவிட்டார். கருவி வந்த வேகத்தில் அதை இயக்கக் கற்றவர்கள் வரவில்லை. புகைப்படக்காரர்களும் மின்பணியாளர்களும் செவிலியரும் கைப்பழக்கத்தில் தேறினார்கள். கதிர் சரியாக வருகிறதா என்று தம் கையையே நீட்டிச் சோதிப்பது அன்றைய வழக்கம். அது பலருக்குத் தோல் புண்ணாகிப் புற்றாக மாறியது. விரல்கள் போயின, சிலருக்கு உயிரும் போனது. முறையான பாடம் இல்லாததற்குக் கொடுத்த விலை என்றே இதைச் சொல்ல வேண்டும்.

1920-இல், இக்கருவிகளை இயக்குவோரான ரேடியோகிராபர்களின் சங்கம் உருவாகி, தேர்வு வைத்துச் சான்று தந்தது. பல பத்தாண்டுகள் மருத்துவமனைப் பள்ளிகளே பட்டயம் வரை கற்பித்தன. 1990-களில்தான் படிப்பு பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்து பட்டமாக உயர்ந்தது. நோயறியும் படமெடுப்பு, கதிர் சிகிச்சை இரண்டும் தனித்தனிப் பாதைகள். இங்கிலாந்தில் பொதுவாக 3 ஆண்டு, ஸ்காட்லாந்தில் 4. இன்றும் அதில் கணிசமான காலம் மருத்துவமனையில்தான் கழிகிறது. சட்டப்படி பதிவு செய்துகொள்ளாதவர் ரேடியோகிராபர் என்ற பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது.