தேக்காவுக்கு அருகே, கணினியும் தமிழும்

தேக்காவிலிருந்து ரோச்சோர் கால்வாயைக் கடந்தவுடன் எதிர்ப்படும் சிம் லிம் ஸ்குவேர் என்னும் ஆறு மாடிக் கட்டடம், தொண்ணூறுகளில் சிங்கப்பூர் மக்கள் கணினியையும் அதன் உறுப்புகளையும் கடைகடையாக விலை விசாரித்து வாங்கிய பிரதான ஸ்தலமாக விளங்கியது.

வாங்குவது ஒரு மாலைப்பொழுதின் காரியம். வாங்கிய கணினியில் மென்பொருளை ஏற்றுவதோ மிகுந்த பொறுமையைக் கோரியது. 1995 ஆகஸ்டில் வெளிவந்த விண்டோஸ் 95, குறுந்தட்டு வசதி இல்லாதவர்களுக்காக 13 பிளாப்பித் தட்டுகளிலும் விற்கப்பட்டது. ஒன்று முடிந்ததும் திரை அடுத்ததைக் கேட்கும். கடைசித் தட்டு பழுதாக இருந்தாலும் அதுவரை பட்ட பிரயாசை முழுவதும் வீண்.

அவ்வாறு ஏற்றிய கணினியும் நாளடைவில் மந்தமடையும். ஒரே கோப்பின் துண்டுகள் வட்டில் பல இடங்களில் சிதறிக் கிடக்க, படிக்கும் முனை அங்குமிங்கும் அலைய நேர்வது அதற்கு ஒரு காரணம். அத்துண்டுகளைச் சேர்த்து அடுக்கும் டிஃப்ராக் என்னும் நிரல் 1993-இல் டாஸ் 6-உடன் வந்தது. இரவில் அதைத் தொடங்கிவிட்டு உறங்கச் செல்வார்கள். விஷயமறிந்தவர்கள் மேலும் இரண்டு உபாயங்களைச் சொல்வார்கள்: மிகையான எழுத்துருக்களை நீக்கவேண்டும், கணினி தொடங்கும்போதே தாமாக எழும் நிரல்களைக் குறைக்கவேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதியவருக்கு இது உசிதமான ஆலோசனையே. ஆனால் விண்டோஸ் அந்நாளில் தமிழை அறியாததால், ரோமன் எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துரு ஒன்றும், நினைவகத்தில் எப்போதும் தங்கியிருக்கும் விசைப்பலகை நிரல் ஒன்றும் இல்லாமல் நம் மொழியில் ஒரு வரியும் எழுத இயலாது. தயாரிப்பாளர் ஒவ்வொருவரும் எழுத்துகளுக்கு வெவ்வேறு குறியீட்டைக் கொண்டமையால், ஒரு நண்பரின் கடிதத்தைப் படிக்க ஓர் எழுத்துரு, மற்றொருவருடையதைப் படிக்க வேறோர் எழுத்துரு என அவை பெருகிக்கொண்டே போயின. வேகத்துக்காக எவற்றைக் களையச் சொன்னார்களோ, அவற்றில்தான் தமிழ் குடியிருந்தது. நம்மவர் கணினியில் ஏறிய அந்தச் சுமைக்கு அவர்களுடைய அசிரத்தையைக் காரணம் சொல்வது அநியாயம். மொழியை வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்த அமைப்பே அதற்குப் பொறுப்பு.

இந்நிலையை மாற்ற உழைத்தவர்களில் நா. கோவிந்தசாமியை நன்றியோடு நினைக்கவேண்டும். எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான அவர் ‘கணியன்’ என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த சிங்கப்பூர்க் கவிதைகளின் இணையத்தளத்தில், நாட்டின் ஏனைய மூன்று அதிகாரத்துவ மொழிகளுக்குச் சமதையாகத் தமிழும் இடம்பெற்றது அவர் முயற்சியால். குறியீட்டுக் குழப்பத்தைத் தீர்க்கும் வழியை ஆராய 1997 மே மாதம் இங்கே தமிழ் இணைய மாநாட்டையும் கூட்டினார்.

1999 மே மாதம் அவர் காலமானார். அடுத்த பிப்ரவரியில் வந்த விண்டோஸ் 2000, யூனிகோடு என்னும் பொதுக் குறியீட்டு முறையில், ‘லதா’ என்னும் எழுத்துருவுடன் தமிழைத் தன்னுள்ளேயே ஏற்றுக்கொண்டது. ஆயினும் அதிலும் பின்வந்த எக்ஸ்பியிலும், இந்திய மொழிகளுக்குரிய வசதியைத் தேர்ந்தெடுத்து மூலத்தட்டை மறுபடி செருகினால்தான் தமிழ் ஒழுங்காகத் தெரியும். தட்டு எதையும் கேளாமலே தமிழைக் காட்டிய விண்டோஸ் விஸ்டா பொதுமக்கள் கைக்கு வந்தது 2007 ஜனவரியில்.