விடுதியில் பிறந்த மொழி: காது கேளாதோர் உறைவிடப் பள்ளிகளும் சைகையின் வரலாறும்

இந்தியாவில் காது கேளாதோர் கல்வியின் வரலாறு பெரும்பாலும் வகுப்பறையின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. பம்பாயில் 1885இலும், கல்கத்தாவில் 1893இலும், பாளையங்கோட்டையில் ஆங்கிலிக்க மிஷனரி ஃபுளோரன்ஸ் ஸ்வெய்ன்சனின் முயற்சியால் 1897இலும் பள்ளிகள் தோன்றின. இம்மூன்றும் 1880ஆம் ஆண்டு மிலான் மாநாட்டுக்குப் பிந்தியவை. சைகையை விலக்கி உதட்டசைவையும் பேச்சையும் மட்டுமே கற்பிக்க வேண்டும் என்று அம்மாநாடு தீர்மானித்தது; அதன் செல்வாக்கு இந்தியாவிலும் நெடுங்காலம் நீடித்தது. அப்படியிருந்தும் இன்று இந்தியக் காது கேளாதோரிடையே இலக்கணக் கட்டுக்கோப்புள்ள ஒரு சைகை மொழி வழங்குகிறது. பாடத்திட்டம் வளர்க்காத மொழி எங்கே வளர்ந்தது? பள்ளிகளோடு இணைந்த மாணவர் விடுதிகளே அதற்கு முதன்மைக் களமாக இருந்தன என்பது இக்கட்டுரையின் வாதம்.

விடுதி எந்த மொழிக் கொள்கையின் பேரிலும் உருவானதன்று. தூரம்தான் அதற்குக் காரணம். சென்னை மாகாணத்தில் இத்தகைய பள்ளிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவையாகவே இருந்தன. எடுத்துக்காட்டாக, வடக்கே திருத்தணியில் பிறந்த ஒரு குழந்தைக்குப் பாளையங்கோட்டை அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. சென்னையில் லிட்டில் ஃபிளவர் கான்வென்ட் போன்ற பள்ளிகள் வந்த பிறகும், சுமார் 85 கிலோமீட்டர் ரயில் பயணம் அன்றாடம் போய்வரக் கூடியதன்று. ஆகவே பிள்ளை விடுதியில் தங்கியது. காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கேட்கும் திறனுள்ள பெற்றோருக்கே பிறக்கிறார்கள் என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் தாய்மடியில் பெறும் மொழியை இவர்களில் பெரும்பாலோர் மூத்த மாணவர்களிடமிருந்தே பெற முடிந்தது. சாப்பாட்டு வரிசையும் விளையாட்டுத் திடலும் படுக்கைக் கூடமும் பெற்றோரின் இடத்தில் நின்று மொழியைக் கைமாற்றின.

இதற்குச் சான்று உண்டா? 1928இல் பானர்ஜி என்பவர் வங்காளத்தின் மூன்று உறைவிடப் பள்ளிகளில் வழங்கிய சைகைகளை ஒப்பிட்டு, அவை ஒன்றுக்கொன்று வேறுபட்டவை என்று எழுதினார். ஒரே மாகாணம், பெரும்பாலும் ஒரே தாய்மொழிப் பின்னணி. ஆனாலும் பள்ளிக்கொரு சைகை. சைகைகள் வீட்டிலிருந்து வந்தவையானால் அவை பள்ளிவாரியாகப் பிரிந்திருக்கத் தேவையில்லை. ஆசிரியர் கற்பித்தவையும் அல்ல. வகுப்பறை பேச்சுப் பயிற்சிக்கே உரியதாயிருந்தது. எஞ்சியிருப்பது மாணவர் கூட்டம் ஒன்றுதான். ஆசிரியர்களின் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது: இன்றைய இந்தியச் சைகை மொழியின் இருகை விரலெழுத்து பிரிட்டிஷ் மரபிலிருந்து வந்தது. ஆனால் எழுத்துகளைக் கொடுத்தவர்கள் மொழியையும் கொடுத்ததாகக் கொள்ள இயலாது. சைகைச் சொற்களில் பெரும்பகுதி பிரிட்டிஷ் சைகை மொழியோடு பொருந்துவதில்லை.

பள்ளிக்கொரு சைகை என்றால் பொதுமொழி எப்படி வந்தது என்ற கேள்வி எழும். மதன் வசிஷ்டா, ஜேம்ஸ் வுட்வர்ட் முதலானோர் 1970களின் இறுதியில் டெல்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் ஆகிய நகரங்களில் ஆராய்ந்தபோது, சைகைச் சொற்களில் ஏறத்தாழ 75 விழுக்காடு தமக்குள் உறவுடையவை என்று கண்டனர். இந்தி, வங்காளம், மராத்தி, கன்னடம் என்ற பேச்சுமொழி எல்லைகள் சைகையைப் பிரிக்கவில்லை. விடுதியில் வளர்ந்தவர்கள் வேலைக்கும் சங்கங்களுக்கும் விளையாட்டுப் போட்டிகளுக்கும் சென்று கலந்ததே இதற்குப் பொருத்தமான விளக்கம். பேச்சுமொழி எல்லை பிரிக்கும் மறுபக்கத்தைத் திருத்தணியின் வரலாறு காட்டுகிறது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு போன இவ்வூர், ம.பொ.சி. முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இப்பகுதியில், பேச்சுப் பயிற்சிப் பள்ளி இரண்டில் ஒரு மொழியைத் தேர்ந்தாக வேண்டும். சைகை பேசும் மாணவர்களுக்கு அந்தத் தேர்வு எழுத்து மொழியோடு நின்றுவிடுகிறது.

இவ்வாதத்துக்கு மூன்று மறுப்புகள் வரக்கூடும். முதலாவது நிகரகுவா. 1977 முதல் மனாகுவாவில் ஒன்றுகூட்டப்பட்ட மாணவர்கள், இரவில் வீடு திரும்பிய போதும், புதியதொரு சைகை மொழியை உருவாக்கினர். அப்படியானால் விடுதி எதற்கு? மொழி பிறக்கத் தேவையானது போதிய எண்ணிக்கையில் கூடியிருப்பதே என்பதை இது மெய்ப்பிக்கிறது. ஒரே நகரத்துப் பிள்ளைகளைப் பகல் பள்ளியே கூட்டிவிடும். சிற்றூர்களில் சிதறிக் கிடப்போரைக் கூட்ட விடுதி வேண்டும். இரண்டாவது மறுப்பு கனமானது: விடுதி குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கிறது, பூட்டிய கதவுகளுக்குள் கொடுமை நேர்ந்தால் வெளியே தெரியாது. இது உண்மை. ஆனால் முறையிட மொழி இல்லாத குழந்தை வீட்டிலும் பாதுகாப்பற்றதே. கண்காணிப்பை இறுக்குவதும் பெற்றோருக்குச் சைகை கற்பிப்பதும் இதற்கு விடை. விடுதியைக் கலைப்பது விடையாகாது. மூன்றாவது, மருத்துவம். தமிழ்நாட்டு முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்டோருக்குக் காக்ளியர் கருவி பொருத்தப்படுவதால் சைகையின் தேவை மறையும் என்பர். ஆயினும் கருவியின் பலன் எல்லாரிடமும் ஒன்றாக இருப்பதில்லை. அது பொருத்தும் வயதையும் தொடர் பயிற்சியையும் பொறுத்தது. இரண்டு மொழிகளை அறிந்த குழந்தைக்கு அதனால் இழப்பு எதுவுமில்லை.

1974இல் தொடங்கிய ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் முதல் இன்றுவரை, அருகிலுள்ள பொதுப்பள்ளியில் சேர்ப்பதே கொள்கையின் திசையாக இருக்கிறது. நோக்கம் சமத்துவம். எனினும் ஐந்நூறு பேர் படிக்கும் பள்ளியில் காது கேளாத மாணவர் ஒருவரே இருந்தால், அவருக்குப் பெஞ்சு கிடைக்கும். உரையாட ஆள் கிடைக்காது. 2015இல் டெல்லியில் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் அமைந்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை அறிந்த ஆசிரியர்களை நியமிக்கச் சொல்கிறது. இவை வகுப்பறையின் பழைய பிழையைத் திருத்துகின்றன. விடுதி தற்செயலாகச் செய்த பணியை இனி யார் திட்டமிட்டுச் செய்வது என்பதை இவை தீர்க்கவில்லை. ஆகவே சேர்க்கை எண்ணிக்கையோடு, ஒவ்வொரு பள்ளியிலும் தன்னோடு சைகையில் உரையாட எத்தனை சக மாணவர்களும் பெரியவர்களும் ஒரு காது கேளாத குழந்தைக்கு உள்ளனர் என்பதையும் அரசு கணக்கிட வேண்டும். அந்த எண் சுழியமாக உள்ள இடத்தில், வட்டார அளவில் ஒரு பள்ளியைத் தேர்ந்து அங்கே இவர்களை ஒன்றுசேர்ப்பதும், தொலைவிலிருந்து வருவோருக்கு விடுதி தருவதும் உள்ளடக்கக் கல்விக்கு முரணானவை ஆகா.