ஈசாக்கின் துரவுகளும் அயர்லாந்தின் பள்ளிகளும்



ஆதியாகமம் 26ஆம் அதிகாரத்தில், தன் தகப்பன் தோண்டியதும் பெலிஸ்தர் மண்ணிட்டுத் தூர்த்ததுமான துரவுகளை ஈசாக்கு மறுபடியும் தோண்டுகிறான். பின்பு அவன் வேலைக்காரர் புதிதாய்த் தோண்டிய இரண்டு துரவுகளின்மேல் வாக்குவாதம் எழுகிறது. அவன் அவற்றை விட்டு அப்பாற்போகிறான். நியாயம் தன் பக்கம் இருந்தும் ஏன் விட்டான் என்று நாம் பலமுறை வியந்திருக்கிறோம். இவ்வாரம் அப்பகுதியை வாசிக்கையில், அயர்லாந்து தேசத்துக் கத்தோலிக்கப் பள்ளிகளின் வரலாறு என் நினைவுக்கு வந்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அங்கேயும் முதலில் துரவுகள் தூர்க்கப்பட்டன. 1695ஆம் ஆண்டின் சட்டம் கத்தோலிக்கர் பள்ளி நடத்துவதைத் தடைசெய்தது; பிள்ளைகளைக் கல்விக்காக அயல்நாட்டுக்கு அனுப்புவதையும் தடுத்தது. அச்சட்டத்தை இயற்றியவர்கள் நம்மைப்போன்ற புராட்டஸ்டண்டுகளே என்பதை நாம் மறைக்கலாகாது. ஆசிரியர்கள் வேலியோரங்களிலும் கொட்டகைகளிலும் ஒளிந்து கற்பித்தார்கள். வேலியோரப் பள்ளி என்ற பெயரே அவற்றுக்கு நிலைத்தது. கார்க் நகரில் நானோ நேகிள் என்னும் பெண்மணி ஏழைச் சிறுவருக்கு மறைவாகப் பள்ளிகள் நடத்தினார். அவர் 1775இல் தோற்றுவித்த பிரசன்டேஷன் கன்னியர் சபையின் சகோதரிகள் 1842இல் சென்னைக்கும் வந்தார்கள். நம்மில் சிலருடைய வீட்டுப் பெண்கள் படித்த சர்ச் பார்க் பள்ளி அவர்களுடையதே.

1831இல் ஆங்கிலேய அரசின் அமைச்சர் எட்வர்ட் ஸ்டான்லி ஒரு கடிதத்தின் மூலம் தேசியப் பள்ளி முறையைத் தொடங்கினார். எல்லாச் சபைப் பிள்ளைகளும் ஒரே அறையில் எழுத்தும் கணக்கும் கற்கவேண்டும். சமயபோதனை மட்டும் அவரவர்க்குத் தனியே நடக்கவேண்டும் என்பது அதன் அடிப்படை. நல்ல திட்டந்தான். அதைக் குலைத்தவர்கள் யார்? எல்லாருமே. பிரஸ்பிட்டேரியர் எதிர்த்துச் சலுகை பெற்றார்கள். ஆங்கிலிக்கர் 1839இல் தங்களுக்கென்று தனிக் கல்விச் சங்கம் அமைத்தார்கள். கத்தோலிக்கருள் டப்ளின் பேராயர் மரே திட்டத்தை ஆதரித்தார். டூவம் பேராயர் மக்ஹேல் கடுமையாக எதிர்த்தார். ரோமாபுரியோ 1841இல் முடிவை அந்தந்த ஆயரிடமே விட்டுவிட்டது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் பொதுப்பள்ளிகள் நடைமுறையில் சபைப்பள்ளிகள் ஆயின.

இவ்வாறு உருவானதுதான் அங்குள்ள புரவலர் முறை. ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது. பள்ளியின் சமயத்தன்மையைக் காப்பதும் நிர்வாகக் குழுவை அமைப்பதும் புரவலரின் உரிமை. பெரும்பாலும் அப்புரவலர் மறைமாவட்ட ஆயர். இன்றும் 3,000க்கும் மேற்பட்ட தொடக்கப்பள்ளிகளில் ஏறத்தாழ 10இல் 9 பள்ளிகள் கத்தோலிக்கப் புரவலரின்கீழ் உள்ளன. தேசமோ மாறிவிட்டது. தங்களைக் கத்தோலிக்கர் என்று சொன்னோர் 2011 கணக்கெடுப்பில் 84 விழுக்காடு. 2022இல் 69 விழுக்காடு. 2009இல் வெளிவந்த ரயன் அறிக்கை, துறவுச் சபைகள் நடத்திய விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகள் பட்ட கொடுமைகளை விரிவாகப் பதிவுசெய்தது. அதன்பின் திருச்சபையின் சொல்லுக்குப் பழைய கனம் இல்லை.

என் மனத்தை அதிகம் உறுத்துவது இன்னொன்று. இடம் போதாத பள்ளிகளில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளுக்கே முன்னுரிமை இருந்தது. வேறு பள்ளி அருகில் இல்லை. ஆகவே விசுவாசமற்ற பெற்றோரும் பள்ளியில் ஓர் இடத்துக்காகப் பிள்ளையை ஞானஸ்நானத் தொட்டியண்டை கொண்டுவந்தார்கள். அச்சான்றிதழ் இல்லாதவர் கதி என்ன? 2007 செப்டம்பரில், டப்ளினுக்கு வடக்கேயுள்ள பால்பிரிகன் என்ற ஊரில், எங்கும் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்காக அவசரமாக ஒரு பள்ளி திறக்கப்பட்டது. அதில் வந்து அமர்ந்த பிள்ளைகள் ஏறக்குறைய எல்லாரும் ஆப்பிரிக்காவிலிருந்து குடியேறியோரின் மக்கள். ஒருவரும் திட்டமிட்டு நிறம்பிரிக்கவில்லை. விதிமுறையே அதைச் செய்து முடித்தது. வேலியோரத்தில் ஒளிந்து கற்றவர்களின் சந்ததியார் கட்டிய கதவு, இன்னொரு தலைமுறை அகதிகளுக்கும் அந்நியருக்கும் முன்பாக மூடியிருந்தது.

2018இல் வந்த சட்டம் கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளிகளிலிருந்து இம்முன்னுரிமையை நீக்கியது. சிறுபான்மைச் சபைகளின் பள்ளிகளுக்கு மட்டும் அது விட்டுவைக்கப்பட்டது. (சிறுபான்மையாக வாழும் நமக்கு அவ்விதிவிலக்கு இனிக்கும், இனிக்கிறது என்பதாலேயே அதை நிறுத்தி யோசிக்கவேண்டும்.)

பள்ளிகளைக் கைமாற்றும் காரியமோ எளிதாய் நடக்கவில்லை. கல்வியாளர் ஜான் கூலஹன் தலைமையிலான குழு 2012இல் அதற்கு வழி வகுத்தது. 2030க்குள் 400 பல்சமயப் பள்ளிகள் என்று அரசு இலக்கும் வைத்தது. டப்ளின் பேராயர் டியர்முயிட் மார்ட்டின், திருச்சபையின் கையில் அளவுக்குமிஞ்சிய பள்ளிகள் உள்ளன என்று தாமே வெளிப்படையாகச் சொல்லிவந்தார். ஆனாலும் மாறியவை மிகச் சிலவே. பல இடங்களில் தடையாய் நின்றவர்கள் பெற்றோரே. 2019இல் டப்ளினின் வடபுறத்தில் பள்ளிமாற்றம் பேசப்பட்டபோது, இனிக் கிறிஸ்து பிறப்பு நாடகம்கூட இராது என்ற அச்சம் பரவியது. ஆராதனைக்கு வராதவர்களும் அந்த நாடகத்தை இழக்க மனமற்றிருந்தார்கள். நான் அவர்களைப் பரிகசிக்கமாட்டேன். தாத்தா படித்த பள்ளி, ஊரின் பெயர், பிள்ளை தேவதூதனாக வேடமிட்ட புகைப்படம் ஆகியவை மனிதருக்கு அருமையானவையே.

எனினும் அப்பள்ளிகளைப் பிடித்திருந்த கை விசுவாசத்தைப் பிடித்திருந்ததா? நூறாண்டுக்கு மேலாக அங்கே ஜெபம் கற்பித்ததும் முதல் நற்கருணைக்கு ஆயத்தம் செய்ததும் வகுப்பு ஆசிரியர். பெற்றோர் வெள்ளையுடை வாங்கினால் போதும். ஆசிரியரும் விசுவாசி என்று எண்ணிக்கொண்டார்கள். பல ஆசிரியர்கள் வேலைக்காகவே அதைச் செய்தார்கள். தங்கள் விருப்பப்படி விலகியிருந்த பிள்ளைகள் அவ்வேளையில் அதே அறையின் கடைசி வரிசையில் அமர்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார்கள். ஈசாக்கு துரவை விட்டபோது தண்ணீரைத் தேடுவதை விட்டுவிடவில்லை. மூன்றாம் இடத்தில் மறுபடியும் தோண்டினான். பள்ளியை விடும் சபை எங்கே தோண்டப்போகிறது என்பதே அங்குள்ள உண்மையான கேள்வி.

பேராயர் மார்ட்டின் முதல் நற்கருணை ஆயத்தத்தைப் பள்ளியிலிருந்து பங்கு ஆலயத்துக்குக் கொண்டுவர முயன்றார். அதற்கு வேண்டியது கட்டடமோ சட்டமோ அன்று. வாரத்தில் ஒரு மணிநேரம் பிள்ளைகளோடு உட்காரக்கூடிய தகப்பனும் தாயும், அவர்களோடு சில சபையாரும். ஆசிரியர்கள் எதிர்ப்பார்கள் என்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். ஆனால் பாரம் வந்து இறங்கியது வீட்டு வாசலில்.