வெட்டத் தெரிந்தது, விதைக்க மறந்தது
(வானொலி விவசாய உரை)



காரைக்குடியிலிருந்து குன்றக்குடி வழியாகத் திருப்பத்தூருக்கு பஸ்ஸில் போகும்போது சாலையோரப் பொட்டலைக் கவனித்துப் பாருங்கள். செம்மண்ணும் சரளையுமான தரை. மற்றச் செடிகள் வாடிக் கிடக்கிற நேரத்திலும் அங்கங்கே இடுப்பளவு உயரத்தில் ஒரு புதர் மஞ்சளாகப் பூத்து நிற்கும். அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை, எரு வைத்ததில்லை. ஆடு மாடும் அதில் வாய் வைப்பதில்லை. அதுதான் ஆவாரை.

"ஆவாரை எங்களுக்குத் தெரியாத செடியா?" என்று கேட்பீர்கள். செடி தெரியும். ஆனால் இந்தச் செடியின் பட்டையை நம்பி லண்டன் வரைக்கும் ஒரு பெரிய வியாபாரம் நடந்ததே, அந்தக் கதை தெரியுமா? அது ஏன் கைவிட்டுப் போனது என்று தெரிந்துகொண்டால், இன்றைக்கு நம்ம கொல்லையிலும் வரப்பிலும் என்ன செய்யலாம் என்பது தானாகவே விளங்கும்.

பழைய உறவு

சங்க காலத்திலேயே இதற்கு ஆவிரை என்று பெயர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களின் பெயரை அடுக்கிச் சொல்கிறார். அதில் ஆவிரையும் ஒன்று. கபிலர் நமக்கு அந்நியர் இல்லை. அவருடைய நண்பன் பாரி ஆண்ட பறம்பு மலை என்று சொல்லப்படுவது, சிங்கம்புணரிக்குப் பக்கத்தில் இருக்கிற நம்ம பிரான்மலைதான். காதல் கைகூடாத இளைஞன் பனைமட்டைக் குதிரையில் ஏறி ஊர்த் தெருவுக்கு வரும்போது ஆவிரம்பூ மாலை சூடி வருவான் என்பதையும் சங்கப் பாட்டுகளில் காணலாம்.

பொங்கலுக்கு முதல் நாள் வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரம்பூவையும் சேர்த்துக் காப்புக் கட்டுகிற வழக்கம் தமிழ்நாட்டின் பல பக்கங்களில் இன்றைக்கும் உண்டு. தெலங்கானாவில் பதுக்கம்மா பண்டிகைக்கு இந்தப் பூவையும் அடுக்குகிறார்கள். அந்த மாநிலம் 2014-ல் உருவானபோது இதையே மாநிலப் பூவாகவும் ஏற்றுக்கொண்டார்கள்.

பட்டை போன பயணம்

இனி வியாபாரத்துக்கு வருவோம். ஆவாரம்பட்டையில் துவர்ப்புச் சத்து அதிகம். காய்ந்த பட்டை 100 பங்கு எடுத்தால் சுமார் 18 பங்கு துவர்ப்புச் சத்துதான். பச்சைத் தோல் அழுகாமல் பதமாவதற்கு இந்தத் துவர்ப்பு வேண்டும். தோலைச் சுண்ணாம்பில் போட்டு ரோமம் நீக்கி, பட்டை ஊறிய தண்ணீரில் பல நாள் போட்டு வைப்பார்கள். ஆவாரையில் பதப்படுத்திய தோல் வெயில் பட்டால் சிவந்துபோகும். அதனால் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரிலும் ஒரு தடவை முக்கி எடுப்பார்கள்.

1840-களில் புதுச்சேரிக்காரரான சார்லஸ் டி சூசா என்பவர் இந்த முறையைத் திருத்திச் சீராக்கினார். அதன் பிறகு சென்னை, திண்டுக்கல், திருச்சி, வாணியம்பாடி, ஆம்பூர் என்று பல ஊர்களில் தோல் ஷாப்புகள் எழுந்தன. பாதி பதப்படுத்திய தோல் கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போனது. 1914-ல் முதல் உலக யுத்தம் வந்ததும் தேவை இன்னும் கூடியது. சிப்பாய்களின் பூட்ஸ் தைக்க இந்தத் தோல் வேண்டும் என்று 1916 முதல் சர்க்காரே இந்த வியாபாரத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது.

அந்த பூட்ஸுக்குப் பின்னால் யார் இருந்தார்கள்? புறம்போக்கிலும் காட்டோரத்திலும் ஆவாரங்குச்சியை வெட்டி, தட்டி, பட்டையை உரித்துக் காய வைத்த ஏழை ஜனங்கள் இருந்தார்கள். பயிர் பொய்த்த வருஷத்திலும் அவர்களுக்கு நாலு காசு கொடுத்தது இந்தச் செடி.

எங்கே தவறினோம்?

இத்தனை பட்டையும் பெரும்பாலும் தானாக முளைத்த செடியில் இருந்து வந்தது. வெட்டின அளவுக்கு விதைத்தவர்கள் இல்லை. ஆவாரை வெட்ட வெட்டத் துளிர்க்கும் செடிதான். ஆனாலும் துளிர் முற்றுவதற்குள் மறுபடி வெட்டினால் அது என்ன செய்யும்? பட்டை அரிதானது, விலை ஏறியது. தோல்காரர்கள் வேறு பக்கம் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அப்போது வந்ததுதான் வாட்டில் பட்டை. இந்த மரத்தின் பிறப்பிடம் ஆஸ்திரேலியா. தென்னாப்பிரிக்காவில் நேட்டால் பக்கத்தில் தோட்டம் தோட்டமாக வளர்த்து, பட்டையைக் கப்பலில் அனுப்பினார்கள். அதில் துவர்ப்பு 30 பங்குக்கும் மேல். முதல் யுத்தத்துக்குப் பிறகு அதன் வரவு பெருகி, ஆவாரம்பட்டை பின்தங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு, வெளிநாட்டுப் பட்டையை ஏன் வாங்க வேண்டும் என்று அந்த மரத்தையே நீலகிரியிலும் பழனி மலையிலும் நட்டார்கள். அது மலைப் புல்வெளிக்குள் பரவி அதை விழுங்கிவிட்டது. இப்போது அதை அகற்றுவதற்குப் பாடுபடுகிறார்கள்.

கீழே நம்ம பக்கம் மட்டும் என்ன? ஆவாரை நின்ற பொட்டலிலும் கண்மாயிலும் சீமைக்கருவேல் ஏறிவிட்டது. அதனால் விறகும் கரியும் கிடைக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது உட்கார்ந்த இடத்தில் மற்றச் செடி தலையெடுப்பது கஷ்டம். அன்றைக்குப் பட்டை விற்ற சீமையில் இன்றைக்கு ஆவாரம்பூப் பொடியைப் பாக்கெட்டில் காசு கொடுத்து வாங்குகிறோம்!

இனி என்ன செய்யலாம்?

போன வியாபாரம் திரும்பி வரும் என்று நான் ஆசை காட்டவில்லை. இன்றைக்குத் தோலில் பெரும்பகுதியைக் குரோம் உப்பில்தான் பதப்படுத்துகிறார்கள். ஆனால் கிணறு வற்றுகிற ஊரில், தண்ணீர் கேட்காத வேலிக்கும் பூச்செடிக்கும் ஆவாரையை விட்டால் எது இருக்கிறது?

பழுப்பாகக் காய்ந்த காயைப் பறித்து விதை எடுங்கள். விதையின் தோல் கெட்டி. கொதித்த தண்ணீரை இறக்கி, கொஞ்சம் ஆறவிட்டு, அதில் விதையைப் போட்டு ஒரு ராத்திரி ஊற வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசியில் குழிக்கு இரண்டு மூன்று விதை ஊன்றுங்கள். வேலிக்கு என்றால் ஒன்றரை அடி இடைவெளி, பூந்தோட்டத்துக்கு என்றால் மூன்று அடி போதும். ஆணிவேர் ஆழமாக இறங்குகிற செடி என்பதால், பிடுங்கி நடுவதைவிட நேரே விதைப்பது மேல்.

நல்ல வெயில் வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது, தேங்கினால் வேர் அழுகும். முதல் கோடையில் மட்டும் பத்து நாளைக்கு ஒரு தடவை, பாத்திரம் கழுவின தண்ணீரையாவது ஊற்றுங்கள். அடுத்த வருஷம் அதுவும் வேண்டாம். பூத்து ஓய்ந்ததும் முழங்கால் உயரத்துக்குக் கவாத்துச் செய்தால் அடர்த்தியாகத் துளிர்க்கும். வெட்டின தழையை வயலில் போட்டு மிதித்தால் நல்ல தழை உரம்.

பூவைக் காய வைத்துத் தண்ணீரில் கொதிக்கவிட்டுக் குடிக்கலாம். ஆனால் சர்க்கரை நோய்க்காரர்கள் அதை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

ஆவாரை பூத்திருக்கும்போது ஆள் சாகலாமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். அந்தப் பேச்சு பலிக்க வேண்டுமானால் முதலில் ஆவாரை இருக்க வேண்டும். நம்ம தாத்தா காலத்தில் வெட்டினார்கள், விதைக்க மறந்தார்கள். வருகிற புரட்டாசியில் ஆளுக்கு ஒரு வரப்பிலாவது ஊன்றி வைப்போம்.